வாய்க்கால் வழியும் மனிதர் வழியும்

வன்னியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் காடு, குளம், வயல் என்னும் மூன்றினைக் கொண்டே தமது சித்திரத்தைத் தீட்டி முடித்துவிடுகின்றனர். அண்மைக் காலத்திலே நான்காவதாகப் போர் வந்து சேர்ந்துள்ளது. ஈழத்து இலக்கியத்திலே 'மண்வாசனை' பற்றிய விவாதம் 1960களிலே சூடுபிடித்தது. அதன் பின்னர் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) முதலிய நாவல்கள் இந்நிலத்தைப் பரந்த வாசகர் கூட்டத்துக்கு அறிமுகஞ் செய்தன. அவற்றின் பெறுமதியை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவற்றை அடியொற்றி இன்றும் எழுதுவோர், வன்னி மக்களிற் பெருந்தொகையினர் இன்று காட்டோரத்திலன்றிச் சந்தியோரத்திலே வாழ்கின்றனர் என்பதைக் கண்டுகொள்வதில்லை. கிளிநொச்சியும் வவுனியாவும் வளர்ந்துவரும் நகரங்கள். அவற்றுக்கும் ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்தைச் சிலர் ஆக்கினர், சிலர் அதனால் ஆதாயம் பெற்றனர், மிகப் பலர் அதன் சுமையைத் தாங்குகின்றனர். அவ்வகையிலே நகரின் உருவமும் விமர்சனத்துக்கு உட்பட வேண்டியதோர் ஆக்கமே. மண்ணின் வாசனையைப் பேசிய நாம், அந்த மண்ணிலே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போக வழி உண்டா என்று கேட்டோமில்லை.

நான் கற்பிக்கும் பாடசாலையின் பின்வேலியருகே நின்று பார்த்தால் மாணவி ஒருத்தியின் வீட்டுக் கூரை தெரியும். உரத்துக் கூப்பிட்டாற் கேட்கும் தூரம். ஆயினும் அவள் தினமும் காலையிலே தன் வீட்டு ஒழுங்கையால் வாய்க்கால் வீதிக்கு வந்து, வாய்க்கால் வீதியால் ஏ9 வீதிக்கு வந்து, பாரவூர்திகளும் கடுகதிப் பேருந்துகளும் பறந்து செல்லும் அவ்வீதியின் ஓரமாக மிதிவண்டியை மிதித்து, மறுபடியும் உள்ளே திரும்பிப் பாடசாலையை அடைகின்றாள். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் பயணம். மழைக்காலத்திலே தாமதமாக வந்து நிற்கும்போது, "வீடு கிட்டத்தானே, ஏன் பிந்தினாய்?" என்று நாம் கேட்கின்றோம். நானும் கேட்டிருக்கின்றேன். வீடு கிட்டத்திலே இருக்கின்றது; வழிதான் தூரத்திலே இருக்கின்றது. இந்நிலை அவளுக்கு மட்டும் உரியதன்று. ஏ9 வீதியின் இருமருங்கிலும் உள்ள குடியிருப்புகளிலே இதையொத்த நூற்றுக்கணக்கான இடங்களைக் காட்டலாம்.

இது எவ்வாறு நேர்ந்தது? கிளிநொச்சி தானாகத் திரண்ட பழைய பட்டினமன்று. 1905ஆம் ஆண்டளவிலே வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோதும் இப்பகுதி பெரும்பாலும் காடாகவே கிடந்தது. இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கட்டப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தின் நிலநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936 இலே இங்கு குடியேற்றம் தொடங்கப்பட்டது. குளத்திலிருந்து பெருவாய்க்கால் புறப்பட்டது. அதிலிருந்து கிளைவாய்க்கால்கள் பிரிந்தன. கிளைவாய்க்கால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் காணித்துண்டுகள் வரிசையாக அளந்து கொடுக்கப்பட்டன. வாய்க்காற் கட்டே வீதியாயிற்று. உருத்திரபுரத்திலே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பன இன்றும் இடப்பெயர்களாக வழங்குவதை யாவரும் அறிவர். நீரைப் பங்கிடுவதற்கு இதனினுஞ் சிறந்த அமைப்பு இல்லை. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். கிளைக்குக் கிளை பிரியும். கடைசி வயலிலே முடியும். அது திரும்பி வரவேண்டியதில்லை. ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவ வேண்டியதுமில்லை. மனிதனோ அவ்வாறல்லன். அவன் கடைக்கும், பாடசாலைக்கும், கோயிலுக்கும், வைத்தியசாலைக்கும், அடுத்த வாய்க்காலிலே மணமுடித்துப் போன மகள் வீட்டுக்கும் போய்த் திரும்ப வேண்டியவன். நீருக்கு வகுத்த வழியிலே மனிதனைக் குடியேற்றினர். வயல் பரந்து குடி அருகியிருந்த காலத்திலே அதனால் இடர் தோன்றவில்லை, வரம்பால் நடந்தார்கள்.

இலங்கையின் உலர்வலயக் குடியேற்றங்களிலே தொடக்கத்திற் பொதுவாக 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்குவது கொள்கையாயிருந்தது. பின்னர் அவ்வளவு படிப்படியாகக் குறைந்தது. மேட்டுநிலத் துண்டின் முகப்பு வீதியை நோக்கியும், உடம்பு உள்நோக்கி நீண்டும் இருக்கும். இன்று அத்துண்டிலே முதற் குடியேற்றவாசியின் பேரர்கள் வாழ்கின்றனர். ஒருவருக்குச் சீதனம், மற்றவருக்குப் பங்கு, வேறொருவருக்குக் கைமாற்று எனக் காணி பிளவுபடுகின்றது. முன்வீட்டைக் கடந்து பின்வீட்டுக்குப் போகப் பத்தடி அகலத்தில் ஒரு குச்சொழுங்கை விடப்படுகின்றது. அது காணியின் பின்னெல்லையிலே முடிகின்றது. அவ்வெல்லையின் மறுபுறத்திலே, அடுத்த வாய்க்கால் வீதியிலிருந்து இதேபோலப் புறப்பட்ட மற்றொரு குச்சொழுங்கை வந்து முடிந்து நிற்கின்றது. இரண்டுக்கும் இடையிலே கிடப்பது கிளுவைவேலி ஒன்றுதான். ஆனால் இந்த வீட்டாரும் அந்த வீட்டாரும் வீதியால் ஒருவரையொருவர் காணப் போவதாயின் ஒரு மைல் சுற்ற வேண்டும்.

இங்கே சட்டத்தின் பங்கைக் குறிப்பிடாமல் விட முடியாது. இக்காணிகளிற் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. விவசாயி நிலத்தை இழந்து கூலியாகிவிடக் கூடாது என்னும் நல்ல நோக்கம் அச்சட்டத்துக்கு இருந்தது. அதனால் அனுமதியின்றிக் காணியைக் கைமாற்றவோ துண்டாடவோ தடை உண்டு. ஆயின் குடும்பம் பெருகுவதைச் சட்டம் தடுக்க முடியாதே! பத்திரத்திலே ஒரு காணி. நிலத்திலே ஆறு வீடு. நில அளவையாளரின் படத்திலே இடம்பெறாத வீட்டுக்கு, அவருடைய படத்திலே இடம்பெறாத ஒழுங்கை. பிரதேச சபையின் வீதிப் பட்டியலிலும் அது இல்லை. ஆகவே அதற்குக் கிறவல் இல்லை, விளக்கு இல்லை, வடிகால் இல்லை. அதனை அடுத்த ஒழுங்கையோடு இணைக்க வேண்டும் என்று கேட்பதற்கு எவருக்கும் இடமுமில்லை, ஏனெனில் கடதாசியிலே இரண்டு ஒழுங்கைகளும் இல்லாதவை.

குடியேற்றத்திற் காணி பெற்றவன் நிலைமை இதுவெனில், காணியே பெறாதவன் நிலைமை என்ன? 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே தெற்கிலும் மலையகத்திலும் இருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வன்னியிலே தஞ்சம் புகுந்தன. அவர்களுடைய பாட்டன் பூட்டிகள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியால் நடந்து சென்று கோப்பித் தோட்டங்களை உண்டாக்கியவர்கள். நடந்த பாதையிலே மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்தம் சந்ததியினர் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது குளத்து நீர் எட்டாத மேட்டுநிலமும் காட்டோரமும். கிளிநொச்சியைச் சூழ்ந்துள்ள மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற குடியிருப்புகளின் வரலாறு இதனோடு பிணைந்தது. வயற்கூலிகளும், கட்டட வேலையாட்களும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் இளம்பெண்களும் மிகுதியாக வாழும் இடங்கள் இவைபோன்றவையே. தொழிற்சாலைப் பேருந்து அவர்களின் ஒழுங்கைக்கு வருவதில்லை. பிரதான வீதியிலே நிற்கும். விடியுமுன்னே இருளிலே நடந்து வந்து அதைப் பிடிக்க வேண்டும். வசதியுள்ளவன் சுற்றுவழிக்கு எண்ணெய் செலவிடுகின்றான். வசதியற்றவள் உடம்பைச் செலவிடுகின்றாள். அல்லது குத்தகைக் கம்பனியிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடனுக்கு எடுத்து மாதம் தவறாமல் வட்டி கட்டுகின்றாள். நகரம் வழியை அடைத்து வைத்திருப்பதனால் ஆதாயம் பெறுவோர் பட்டியலிலே அக்கம்பனியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1965 இலே கிறிஸ்தோபர் அலெக்சாண்டர் என்னும் கட்டடக்கலை அறிஞர், நகரம் ஒரு மரமன்று என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். திட்டமிடுவோர் நகரைத் தண்டு, கொப்பு, கிளை, இலை என ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் மரமாகக் கற்பனை செய்கின்றனர்; உண்மையிலே உயிருள்ள நகரின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பல வழிகளாற் பின்னிக் கிடப்பவை என்பது அவர் வாதம். அவர் இரணைமடுவை அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் கிளிநொச்சிக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் வேறில்லை. ஏ9 வீதி தண்டு, வாய்க்கால் வீதிகள் கொப்புகள், குச்சொழுங்கைகள் கிளைகள், வீடுகள் இலைகள். ஓர் இலையிலிருந்து பக்கத்துக் கொப்பின் இலைக்குப் போக வேண்டுமாயின் தண்டுக்கு வந்தே ஆகவேண்டும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. பரிங்ரன்-லீ, மில்லார்ட்-போல் என்னும் இரு ஆய்வாளர்கள் உலகின் வீதி வலையமைப்பை அளந்துள்ளனர். ஒரு சந்தியிலே எத்தனை வீதிகள் கூடுகின்றன, எத்தனை ஒழுங்கைகள் வழியடைந்து முடிகின்றன, காகம் பறக்கும் தூரத்தைப் போல மனிதன் நடக்கும் தூரம் எத்தனை மடங்கு என்பன அவர்கள் கணக்கு. ஐக்கிய அமெரிக்காவிலே புதிய வீதிகளின் துண்டிப்பு 1994ஆம் ஆண்டளவில் உச்சமடைந்து பின்னர் குறைந்ததென 2015 இலே காட்டினர். 2020 இலே வெளிவந்த ஆய்விலே, 1975 முதலாக உலகின் பல பகுதிகளிலே புதிய வீதிகள் மேன்மேலும் துண்டிக்கப்பட்டவையாக அமைவதைக் காட்டினர். அவர்கள் வற்புறுத்தும் ஒரு செய்தி நமக்கு முக்கியமானது: வீடு இடியும், கடை மாறும், ஆனால் ஒருமுறை விழுந்த வீதிக்கோடு தலைமுறை தலைமுறையாக மாறாது கிடக்கும். மேலைத்தேசத்து நகர்ப்புறங்களிலே செல்வர் தம் அமைதிக்காக விரும்பி அமைத்த முட்டுவழியும், நம் ஊரிலே ஏழை கதியற்று அமைத்த முட்டுவழியும் படத்திலே ஒன்றுபோலத் தோன்றும். முன்னவன் அதற்கு விலை கொடுத்து வாங்கினான். பின்னவன் தினமும் விலை கொடுக்கின்றான்.

வவுனியாவிலே மரம் சற்று வேறுவகையினது. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி எனக் கதிர்போலப் பிரியும் சில வீதிகள். அவற்றிடையே வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், கூமாங்குளம், நெளுக்குளம் எனக் குளத்தின் பெயர் தாங்கிய குடியிருப்புகள். 1981 இலே ஏறத்தாழ 95,000 பேர் வாழ்ந்த மாவட்டம் 2012 இலே ஏறத்தாழ 172,000 பேரைக் கொண்டதாயிற்று. இடம்பெயர்ந்து வந்தோரே இப்பெருக்கத்தின் பெரும்பங்கு. ஊர் பெருத்தது, கதிர்களுக்கிடையே குறுக்குவழிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. இன்று அது மாநகர சபை. ஆனால் அங்கே எழுந்த பெரிய பொது வழக்குகளை நோக்குவோம். 2016 இலே பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் மோதினர். இரண்டும் ஏ9 வீதியிலேயே உள்ள இடங்கள். 2017 இலே புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டபோது பழையதை மூடுவதா விடுவதா என்று பிணக்கு எழுந்தது. அதுவும் ஏ9 வீதியிலே எவ்விடத்தில் என்ற பிணக்கே. தண்டின் எந்த இடத்திலே எதை வைப்பது என்று சண்டையிட்டோமேயன்றி, தண்டையன்றி வேறு வழி இல்லாமையைப் பற்றி ஒரு கூட்டமும் கூட்டவில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. 2002 இலே ஏ9 திறக்கப்பட்டதும், 2006 ஆகஸ்டிலே மீண்டும் மூடப்பட்டதும், போருக்குப் பின் திறக்கப்பட்டதும் நம் வாழ்வையே திறந்து மூடிய நிகழ்ச்சிகள். அரிசி விலையும் மருந்தும் கடிதமும் அவ்வொரு வீதியிலே தொங்கின. அதனால் 'பாதை' என்றால் நமக்கு அந்தப் பாதைதான். சீனக் கடனிலே அது காப்பெற் வீதியாகப் புதுக்கப்பட்டபோது, அபிவிருத்தி வந்துவிட்டதென்று நம்பாதவர் குறைவு. அதன் ஓரத்திலே வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசைகட்டின. முகப்புக் காணியின் விலை ஏறியது. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலே பறப்பவனுக்கு அது வேகவழி. கரடிப்போக்குச் சந்திக்கும் 155ஆம் கட்டைக்கும் இடையிலே பால் வாங்கப் போகிறவனுக்கும் அதுவே ஒழுங்கை. இரண்டு தொழிலையும் ஒரே வீதி செய்யும்போது மிதிவண்டிக்காரன் எப்படித் தப்புவான்?

வீட்டுத்திட்டங்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்திய உதவியிலே வடக்கு கிழக்கிலே 46,000 வீடுகள் என்று எண்ணிக் கட்டினார்கள். வேண்டிய வீடுகள்தாம், தறப்பாளின் கீழிருந்த மக்கள் கூரையின் கீழ் வந்தனர். ஆனால் அறிக்கைகளிலே வீட்டை எண்ணுவர், மலசலகூடத்தை எண்ணுவர், காப்பெற் போட்ட கிலோமீற்றரை எண்ணுவர். இரண்டு ஒழுங்கைகளை இணைத்த நூறு அடியை எண்ணும் நிரல் எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை. எண்ணப்படாதது செய்யப்படுவதுமில்லை.

வழியை அடைப்பது வறுமையும் கவனக்குறைவும் மட்டுமன்று, அதிகாரமும்தான். முல்லைத்தீவிலே கேப்பாபிலவு மக்களின் காணிகள் படைத்தலைமையகத்துக்குள் அகப்பட்டபோது அவர்களின் வீதியும் உடன் அகப்பட்டது. 2012 இலே அம்மக்கள் 'மாதிரிக் கிராமம்' ஒன்றிலே குடியமர்த்தப்பட்டனர். 2017 மார்ச் 1 முதல் முகாமின் முன்னே அவர்கள் நடத்திய தொடர் போராட்டம் காணிக்கானது. ஆயினும் தம் தேவாலயத்துக்கும் வயலுக்கும் நந்திக்கடலுக்கும் தாம் போய்வந்த வழியை இழந்த ஆற்றாமையும் அதனுள் அடங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும், "எங்கள் ஒழுங்கைகளைப் பாருங்கள், பெருந்தெருவிலே காலே வைக்காமல் ஊரைச் சுற்றலாம்" என்று பெருமிதப்பட்டார். உண்மை, குடாநாட்டின் ஒழுங்கைகள் வலைபோலப் பின்னியவை. ஆனால் அவ்வலையிலே யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த காலமும் உண்டு. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஒடுக்கப்பட்ட மக்களும் இடதுசாரிகளும் ஊர்வலமாக நடந்ததும், பொலிசாரின் தடியடியைத் தாங்கியதும் நாம் மறக்கத்தகாதவை. பின்னிய ஒழுங்கை இருந்தாற் போதாது என்பதை அது காட்டுகின்றது. அதற்காக ஒழுங்கையே வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. நமது முற்போக்கு இயக்கமும் இவ்விடயத்திலே பழிக்குத் தப்பவில்லை. நிலத்தைப் பேசினோம், கூலியைப் பேசினோம், ஆலயப் பிரவேசத்தைப் பேசினோம். வீதியை மட்டும் பொறியியலாளரின் விவகாரமென்று விட்டுவிட்டோம்.

முட்டுவழியே பாதுகாப்பானது, அந்நியர் நடமாட்டம் குறையும் என்போர் உளர். போரின் பின் நம் மக்களின் மனத்திலே அந்நியர் பற்றிய அச்சம் ஊறியிருப்பது உண்மையாதலால் இவ்வாதத்தை எள்ளி நகையாட முடியாது. ஆயின் ஆளரவமற்ற நீண்ட முட்டொழுங்கையிலே மாலை வகுப்பு முடித்துத் தனியே வரும் மாணவியைக் கேட்டால், நாலுபேர் நடந்து திரியும் வழியே தனக்குப் பாதுகாப்பென்று அவள் சொல்வாள். காணி போய்விடும் என்பது மற்றைய தடை. இதற்கு விடை, நாம் கேட்பது லொறி ஓடும் வீதியன்று என்பதே. மிதிவண்டியும் நடப்போரும் போகும் ஆறடி வழி போதும்.

பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1914, 1915 ஆம் ஆண்டுகளிலே சென்னை மாகாணத்தின் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைக் கால்நடையாகப் பார்வையிட்டார். 1921 இலே கொழும்புக்கும் அறிக்கை எழுதினார். பழைய குடியிருப்பைத் தரைமட்டமாக்கி நேர்கோட்டு வீதி கீறிய அக்காலத்துப் பொறியியலாளருக்கு எதிராக, நோயுற்ற உடம்பைச் சிதைக்காமல் வேண்டிய இடத்திலே மட்டும் சிறு கீறல் செய்யும் வைத்தியன் போல நகரைத் திருத்த வேண்டும் என்றார். குடியேற்ற ஆட்சிக் காலத்தவராயினும் ஏழையின் வீட்டை இடிக்காமல் வழி திறக்க முடியும் என்று காட்டினார். நமக்கு வேண்டியதும் அதுதான். முதுகோடு முதுகு முட்டி நிற்கும் ஒழுங்கைகளை ஊரவர் துணையோடு அளந்து ஒரு படம் வரையலாம். பத்தாம் வகுப்பு மாணவர்களே இதைச் செய்வர். வாய்க்கால் குறுக்கிடும் இடத்திலே ஒரு சிறு மதகு, வவுனியாவின் குளக்கட்டுகளிலே நடைவழி, புதிதாகக் காணி பிரிக்க அனுமதி கேட்போரிடம் பக்கத்துக் காணியின் ஒழுங்கையோடு இணைக்குமாறு ஒரு நிபந்தனை. இவற்றுக்குப் பெரும் கடன் வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரக் காணிகளிலே பேரப்பிள்ளைகள் வாழும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்வது மட்டும் பெரிய வேலை. அதற்குப் போராட வேண்டியிருக்கும்.

காலமும் அதிகமில்லை. அம்மாணவியின் வீட்டுப் பின்வேலியிலே அண்மைக்காலம் வரை ஒரு பொட்டு இருந்தது. மழையில்லாத நாட்களிலே அயலவரின் சம்மதத்தோடு பிள்ளைகள் மிதிவண்டியைச் சரித்து அதனூடாகத் தள்ளிக்கொண்டு பாடசாலைக்கு வருவர். சென்ற தவணை விடுமுறையிலே அக்காணி கைமாறிற்று. புதிய சொந்தக்காரர் கொழும்பிலே இருக்கின்றார். கிளுவையை வெட்டி அகற்றிவிட்டு, அத்திவாரம் தோண்டி, சீமெந்துக் கல்லிலே மதில் கட்டுகின்றார்கள். நேற்றுப் பார்த்தபோது மூன்று வரி எழும்பியிருந்தது.